துருப்பிடிக்காத போல்ட்

மாப்பிள்ளையை நான் அடித்தேன். கை தவறிப் பட்டுவிட்டது, தள்ளுமுள்ளில் இடித்துக்கொண்டது என்றெல்லாம் எனக்காகப் பரிந்து பேசியவர்கள் பிறகு சொன்னார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஜாக்கியின் நீளக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, அவன் நெற்றியைப் பார்த்து, வீசித்தான் அடித்தேன். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

மாப்பிள்ளை என்றால் என் வீட்டு மாப்பிள்ளை இல்லை. காரைக்காலில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் ஒரே வாரிசு. முப்பது வயதுக்கு மேல் பெண் அமைந்து, வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்த நேரம். அதனால் எல்லோருமே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். அவன் யாரிடமிருந்தோ பழையதாக வாங்கிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தான். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. ஊரில் அந்தக் காரைத் தெரியாத குழந்தை கிடையாது.

தலத்தெருவில் எங்கள் வொர்க்‌ஷாப். வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன், டயர் வேலை எல்லாம் உண்டு. டயர் கழற்றி மாட்டுவதும் பேலன்ஸ் பார்ப்பதும் என் பாடு. காருக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலையெல்லாம் என் வீட்டுக்காரர் பாடு. அவர் அதிர்ந்து பேசாத மனிதர். கல்யாணமான புதிதில் இவருக்கு வாய் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. பேச்சு, சண்டை, வசூல் எல்லாம் நான். வேலை அவருடைய வலது கை. அந்தக் கை இருந்தால் கடை உண்டு, இல்லாவிட்டால் நான் பூவத்துக்குத் திரும்பிப் போய் அப்பாவின் வயலில் நாற்றுப் பறிக்க வேண்டியதுதான்.

கார் எங்கள் வாசலுக்கு வந்ததே ஓர் அடியோடுதான். சாக்கடை மேல் போட்டிருந்த சிமென்ட் பலகையில் ஏறும்போது முன்பக்கத் தாடை கரகரவென்று தேய்ந்தது. மாப்பிள்ளை இறங்கி வந்து பலகையைக் காலால் எட்டி உதைத்தான். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் செருப்புதான் அறுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் என்னை முறைத்தான்.

"இன்னும் எறக்கணும்ணே," என்றான் என் வீட்டுக்காரரிடம். "பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்கிது பாருங்க, தவளை மாதிரி. மாப்பிள்ளை அழைப்புக்கு இதுலதான் வரப் போறேன். தரையோட ஒட்டிக்கிட்டு வரணும்."

"இருக்கிறதே சாக்கடைப் பலகைல தேயிதுங்களே. நம்ம ஊர் வேகத்தடைல வயிறு கிழிஞ்சிடும்," என்றார் இவர்.

"கோயில்லேர்ந்து மண்டபத்துக்கு. நாதஸ்வரக்காரங்க பின்னாடி நடக்கிற வேகத்துலதானே வரப் போறேன்? நீங்க எறக்கி விடுங்க."

அந்தக் காரின் பின்பக்க அமைப்பை இவர் எனக்கு விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. லாரியில் இருக்குமே ஸ்பிரிங் பட்டை, அதே மாதிரி ஒன்று, ஆனால் நீளவாக்கில் இல்லாமல் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குக் குறுக்கே போகிறது. பட்டையின் இரண்டு முனைகளும் ஆளுக்கொரு நீளமான போல்ட்டில் சக்கரத்தோடு மாட்டியிருக்கும். அந்த போல்ட்டை எடுத்துவிட்டு இன்னும் நீளமான போல்ட்டைப் போட்டால் வண்டி தாழும். அவ்வளவுதான் விஷயம். போல்ட் மாற்றுகிற வேலைக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்டேன். "பட்டை சும்மா இல்ல. பூராவும் மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிது. போல்ட்டை எடுத்தா உதறும்," என்றார்.

நீளமான போல்ட்டுகளை மாப்பிள்ளையே அமெரிக்காவிலிருந்து தருவித்திருந்தான். அட்டைப் பெட்டியைப் பிரித்தால் கறுப்பாக, அவலட்சணமாக இரண்டு போல்ட். மழையில் நனைந்தபடி வந்த பார்சல், அவன் வீட்டுப் பின்கட்டில் கிடந்திருக்கிறது. திருகு மரைகளின் மேல் மஞ்சள் தூள் தடவினாற்போலத் துரு.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மூன்று பேர் முகமும் சுளித்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் இரும்புக்கு ஒரே ஒரு பரீட்சைதான், அது துரு. காற்றே உப்பு. ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள் ரிம், மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் என்று அது தின்னாத பொருள் கிடையாது. வீடு கட்டுகிறவர்கள் கம்பி பலமா என்று கேட்க மாட்டார்கள், துரு பிடிக்குமா என்றுதான் கேட்பார்கள். துருப்பிடித்தால் செத்த இரும்பு. பிடிக்காவிட்டால் நல்ல இரும்பு. மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் எவர்சில்வர் போல்ட்தான் போடுவார்கள், எஸ்எஸ் என்று சொல்வார்கள். வருஷக் கணக்கில் கடலில் கிடந்தாலும் கண்ணாடி மாதிரி மின்னும்.

"வர்றப்பவே துருவோட வந்திருக்கு. இதையா மாட்டுறது?" என்றேன் நான்.

"எஸ்எஸ்ல அடிச்சிடுவோம்ணே," என்றான் மாப்பிள்ளை.

"அதான் சரி," என்றார் என் வீட்டுக்காரர். அவரே கறுப்பு போல்ட்டை எடுத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனார். அதே நீளம், அதே கனம், அதே மரை, எவர்சில்வரில் வேண்டும் என்று கேட்டார். படகு போல்ட்டாகவே கடைந்து பழகிய லேத்துக்காரர் எதற்கென்று கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சாயந்திரம் கொண்டுவந்து மேசை மேல் வைத்தபோது அந்த இரண்டு போல்ட்டும் கல்யாண வெள்ளிப் பாத்திரம் போல ஜொலித்தன. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஊர் எங்கள் ஊர்.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. மாப்பிள்ளை கூடவே நின்றான். போக மாட்டேன் என்றுவிட்டான். "பாடி ஃபைபர் அக்கா, தகரம் இல்ல. எங்கயும் ஜாக்கி வெச்சிடாதீங்க. இந்த எடம், இந்த எடம், இவ்வளவுதான்," என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினான். என் கை தெரியாமல் கதவில் பட்டால்கூடத் துண்டால் துடைத்தான். என்னுடையது டயரில் அழுக்கான கை, அதனால் இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பந்தக்கால் நட்ட வீட்டுப் பிள்ளை, கல்யாண நேரத்தில் மனம் நோகப் பேசக் கூடாது என்றும் ஒரு நினைப்பு.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரங்களைக் கழற்றினோம். இவர் மல்லாந்து படுத்து உள்ளே போனார். பட்டையின் முனைக்குக் கீழே சின்ன ஜாக்கி ஒன்றைக் கொடுத்து மேலே அழுத்தி, பழைய போல்ட்டை எடுத்து, புதியதைச் செருகினார். இடது பக்கம் முரண்டு பண்ணினாலும் முடிந்தது. வலது பக்கம் போனார். ஜாக்கி சறுக்கினாலும் பட்டை தன் மேல் விழுந்துவிடக் கூடாது என்று பக்கத்திலேயே ஒரு தேக்குக் கட்டையை நிற்க வைத்துக்கொண்டார். எப்போதும் செய்கிற ஏற்பாடுதான்.

"நட்டு பாதி வழில நின்னுடிச்சி," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "முன்னாலயும் போவல, பின்னாலயும் வரல."

"எண்ணெய் விடுங்க."

"விட்டாச்சி."

"இறுக்குங்கண்ணே, போயிடும்," என்றான் மாப்பிள்ளை. "பத்து மணிக்கு டெய்லர் வர்றான் எனக்கு."

இவர் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் சொருகி இழுத்தார். இரும்பு அழுகிற சத்தம் ஒன்று வந்தது. பல்லைக் கூச வைக்கிற சத்தம். நான் டயர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

பிறகு வெடித்தது. பட்டாசு என்றுதான் முதலில் நினைத்தேன். போல்ட்டின் தலை முறிந்து தகரச் சுவரில் போய் அடித்தது. சின்ன ஜாக்கி காலால் எற்றியதைப் போல் கிளம்பி வந்து, என் காலுக்குப் பக்கத்தில் இருந்த பெயின்ட் டப்பாவை நசுக்கிக்கொண்டு போனது. கார் முழுவதும் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. அப்புறம் சத்தமே இல்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். குனிந்து பார்த்தேன். பட்டையின் முனை தேக்குக் கட்டையின் மேல் வந்து அறைந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் அவர் வலது கை. மணிக்கட்டு வரை தெரிந்தது, அதற்குப் பிறகு பட்டை. கட்டையின் ஓரமாக ரத்தம் வழிந்து எண்ணெயோடு சேர்ந்துகொண்டிருந்தது. அவர் வாய் திறந்திருந்தது, கண்கள் என்னைப் பார்த்தன, சத்தம் மட்டும் வரவில்லை.

ஐயோ என்று கத்தினேனா, கடவுளைக் கூப்பிட்டேனா, தெரியாது. கை தானாக ஓடியது. சின்ன ஜாக்கியை எடுத்துப் பார்த்தேன், அதன் தலை கோணிவிட்டது, உதவாது. பெரிய டிராலி ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பட்டைக்குக் கீழே அதைக் கொடுக்க இடமில்லை. அங்கே கட்டை இருந்தது, கை இருந்தது, அவர் இருந்தார். வண்டியையே அந்தப் பக்கமாக இன்னும் தூக்கினால்தான் பட்டை கட்டையை விட்டுக் கிளம்பும். தூக்குவதற்கு எட்டிய இடம் ஒன்றுதான். பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பாடியின் விளிம்பு. மாப்பிள்ளை சாக்பீஸ் கோடு போடாத இடம்.

ஜாக்கியை அங்கே கொடுத்துக் கம்பியை அழுத்தினேன். முதல் அழுத்திலேயே ஃபைபர் நொறுங்கியது. அப்பளம் உடைகிற மாதிரி.

"ஏய்! ஏய்! அங்க வெக்காத!" மாப்பிள்ளை பாய்ந்து வந்தான். "பாடி போயிடும்! எறக்கு, எறக்குங்கறேன்ல!"

"கை மாட்டியிருக்குடா!"

"தெரியுது! ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேன், அவங்க வந்து எடுப்பாங்க. கார்ல கை வெக்காத!"

சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்தான். நான் கீழே அழுத்த, அவன் மேலே இழுத்தான். நான் மறுபடி அழுத்தினேன், வண்டி ஒரு விரற்கடை ஏறியது. அவன் குனிந்து ஜாக்கியை இறக்கிவிடும் திருகைத் திருப்பினான். வண்டி இறங்கியது. பட்டை திரும்பவும் அந்தக் கை மேல் உட்கார்ந்தது.

அப்போதுதான் அவர் கத்தினார். அந்தக் கத்தலை எழுத எனக்குத் தெரியவில்லை. மாடு வெட்டுகிற இடத்தில்கூட நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

கம்பியை ஜாக்கியிலிருந்து உருவினேன். அடித்தேன். அதைத்தான் முதலிலேயே சொன்னேன். நெற்றி பிளந்தது, அவன் டயர் அடுக்கின் மேல் சாய்ந்து, டயர்களோடு சேர்ந்து சரிந்தான். எழுந்தால் இன்னொன்று வைத்திருப்பேன். எழவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று உட்கார்ந்திருந்தான். அடி வாங்கினால் எல்லோருக்கும் அம்மா நினைவு வந்துவிடும் போலிருக்கிறது.

திருகை மூடினேன், கம்பியைச் சொருகினேன், அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்துக்கும் பாடி வெடித்தது. விரிசல் சக்கர வளைவிலிருந்து கிளம்பிக் கதவு வரைக்கும் ஓடியது. எனக்கு அந்தச் சத்தம் அன்றைக்கு இனித்தது. உடையட்டும், நாசமாய்ப் போகட்டும், துண்டு துண்டாகப் போகட்டும் என்று சொல்லிச் சொல்லி அழுத்தினேன். பட்டை கட்டையை விட்டுக் கிளம்பியது. அவர் தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

கையை எப்படிச் சொல்வது? கை என்று சொல்லும்படி இல்லை. கடையில் இருந்த புதுத் துண்டைச் சுற்றி, என் புடவைத் தலைப்பைக் கிழித்து அதன் மேல் கட்டி, ரோட்டில் போன ஆட்டோவை மறித்தேன். ஏற்கெனவே ஆள் இருந்தது. இறங்குடா என்றேன், இறங்கிவிட்டார்கள். என் புடவையைப் பார்த்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, நடுவிரலும் மோதிர விரலும் நிற்காது என்றார். உள்ளங்கை எலும்புகளுக்குக் கம்பி வைத்திருக்கிறோம், கட்டை விரல் பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றார்.

"ஸ்பேனர் பிடிப்பாருங்களா?"

"மொதல்ல டம்ளர் பிடிக்கட்டும்மா. பொறுத்துத்தான் பார்க்கணும்."

லேத்துக்காரர் ரொட்டி பாக்கெட்டோடு பார்க்க வந்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? படகுக்குன்னுல்ல நெனச்சேன்! எஸ்எஸ் துருவுக்கு நிக்கும். இந்த மாதிரி இழுப்புக்கு அது ஆவாது. இறுக்க இறுக்க மரையும் மரையும் கடிச்சிக்கும், முறுக்குனா ஒடிஞ்சிடும்." அந்தத் துருப்பிடித்த கறுப்பு போல்ட்தான் சரியான போல்ட் என்றார். மேல் துருவைத் துணியால் துடைத்திருந்தால் போதுமாம். ரொட்டி பாக்கெட்டை அவர் மேலேயே வீசலாமா என்றிருந்தது. அவர் மேல் என்ன தப்பு? ஊரே பளபளப்பைக் கும்பிடுகிற ஊர்.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தால், கடை வாசலில் நாலைந்து பேர். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள். பெயர்ப் பலகை கீழே கிடந்தது. ஒருத்தன் கம்ப்ரஸர் மீட்டரைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தான். அலைன்மென்ட் மெஷினின் திரை நொறுங்கிக் கிடந்தது. சிவப்புக் காரை மட்டும் யாரும் தொடவில்லை. ஒரு பக்கம் சரிந்து, வயிறு கிழிந்து, அது பாட்டுக்கு நின்றது.

"கட்டையில போறவனுங்களா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கையில் கிடைத்தது வீல் ஸ்பேனர். ஒருத்தன் முழங்காலில் போட்டேன். இன்னொருத்தன் பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான், விலாவில் ஒரு உதை. எனக்கு எட்டிய காலைக் கடித்தேன். சிரிக்க வேண்டாம். நிஜமாகவே கடித்தேன், பேன்ட் துணியோடு சேர்த்து. அவன் அலறியதும் தெரு கூடிவிட்டது. எதிர்க்கடை பாய், "பொம்பளை மேல கை வெக்கிறீங்களே, அல்லாவுக்குப் பொறுக்குமாடா?" என்று கத்திக்கொண்டே நடுவில் வந்து விழுந்தார். எங்கள் ஊர்ப் போலீஸுக்கே உரிய சிவப்புத் தொப்பியோடு போலீஸ்காரர் ஒருவர் வந்துதான் விலக்கினார். வாய்க்குள் ரத்தம் கரித்தது, அது என்னுடையதா அவனுடையதா என்று தெரியவில்லை.

"ரெண்டு பக்கமும் அடிதடி," என்றார் போலீஸ்காரர். "அவங்க புகார் குடுத்தா, தலைல அடிச்சதுக்குப் பெரிய செக்‌ஷனாப் போட வேண்டி வரும்மா. உள்ள போவ வேண்டியிருக்கும். பேசித் தீர்த்துக்கறதுன்னா தீர்த்துக்குங்க."

பேச வந்தது மாப்பிள்ளையின் தாய்மாமன். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பந்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை உடம்பில் ரத்தம் சிந்துவது குடும்பத்துக்கு ஆகாதாம், பெண் வீட்டார் முகம் சுளிக்கிறார்களாம். அதனால் கல்யாணத்துக்கு முன்னால், பந்தலில் பெரியவர்கள் இருக்கும்போது, நான் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் புகார் இல்லை.

"தெரிஞ்சிதாங்க அடிச்சேன்," என்றேன்.

"இந்தா, சும்மா இரு," என்றார் கட்டிலில் இருந்தவர்.

"எதுக்கு சும்மா இருக்கணும்? உங்க கை மேல வண்டிய எறக்கினான்ல?"

அவர் தாய்மாமனிடம், "வர்றோம்ங்க," என்று மட்டும் சொன்னார். தாய்மாமன் போன பிறகு எவ்வளவு கத்தினேன் தெரியுமா? நர்ஸ் வந்து என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வரை கத்தினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சொல்வாள். மட்டாகவே இருக்கட்டும்.

சொன்ன நாளில் இவர் டாக்டரிடம் சொல்லிக்கொண்டு, கையை மார்போடு சேர்த்துக் கட்டிய தூளியில் மாட்டியபடி என்னோடு வந்தார். வலது கைக் கட்டு சின்னத் தலையணை அளவு இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள், தோரணம் தொங்கியது, ஒரு பக்கம் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் பிளாஸ்திரி, கண்ணுக்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் வீக்கம். நல்ல அடிதான் அடித்திருக்கிறேன் என்று ஒரு நொடி மனசு குளிர்ந்தது.

"சொல்லும்மா," என்றார் தாய்மாமன். "ஒரு வார்த்தைதானே."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். காய் நறுக்கியவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வாய்லேர்ந்து முத்தா உதிர்ந்திடும்?" என்றான் மாப்பிள்ளை. "என் காரையும் நாசம் பண்ணிட்டு, திமிரப் பாரு."

"நீ மொதல்ல சொல்லு," என்றேன். "கார்ல கை வெக்காதன்னு சொல்லிட்டு ஜாக்கிய எறக்கினியே, அத இவங்க அத்தனை பேர் முன்னாடி சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

பந்தல் எழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மண்ணை வாரித் தூற்றப் போனார். என்னிடம் கடி வாங்கியவன் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான். தாய்மாமனின் நல்ல பேச்சு போய்விட்டது. "சரி, ஸ்டேஷனுக்குப் போங்கடா, எழுதிக் குடுத்துட்டு வாங்க," என்றார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். வரட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும்.

அப்போது இவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். தூளியிலிருந்து வலது கையைத் தானே எடுத்தார். வலியில் உதடு வெளுத்தது. இடது கையை அதை நோக்கிக் கொண்டுபோனார்.

"மன்னிச்சிடுங்க," என்றார். "கோவத்துல பண்ணிட்டா."

பாய்ந்து அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "எறக்குங்க! ஸ்பிரிங்குக்கு அடியிலேர்ந்து இந்தக் கைய நான் மீட்டது இவனுங்களக் கும்பிடறதுக்கா?"

என் பிடியை உதறினார். அந்த மனிதர் எதையும் உதறி நான் பார்த்ததில்லை. உதறிய வேகத்தில் கட்டு பந்தல் காலில் இடித்தது. முகம் கோணி, மூச்சு நின்று, மறுபடி வந்தது.

"உடு," என்றார். "இது என் கை."

நான் ஓரடி பின்னால் போனேன்.

"நீ உள்ள போய்ட்டீன்னா, இத வெச்சிக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்?" என்றார். சத்தமாக இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னார், ஆனால் பந்தல் முழுக்க அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் சேர்த்தார். கை சேரவில்லை. அந்தத் தலையணைக் கட்டின் மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெஞ்சுக்கு நேரே நிறுத்திப் பிடித்தார். வெள்ளைத் துணியில் ஓரிடத்தில் சிவப்பு ஊறி, எல்லோரும் பார்க்கப் பார்க்கப் பெரிதானது. "போதுங்க, போதும், எறக்கிடுங்க," என்று தாய்மாமன் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை அப்போதுதான் அந்தக் கையை முதல் முறையாகப் பார்த்தான். இவர் இறக்கவில்லை. புகார் இல்லை என்று அவர்கள் வாயால் சொல்லும் வரை அப்படியே நின்றார்.

செருப்பு என் கையிலேயே இருந்தது. அன்றைக்கு யாரை அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.